ஆபீஸைத் தொடாத விலாசம்

786

கோல சிலாங்கூர்
22.2.1988

தம்பி காப்ரியலுக்கு ஷேக் தாவூது எழுதுவது.

சங்கத்தின் பெயரில் தாயம்மாளுக்கு நீ எழுதிய கடிதத்தை ஆத்துமேட்டுத் தோட்ட ஆபீஸில் பிரித்துப் படித்திருக்கிறார்கள். மறுநாள் விடியற்காலைப் பெரட்டில், பேர் கூப்பிடும் இடத்தில், அத்தனை பேர் முன்னாலும் அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். வேலை இல்லாதவளுக்குத் தொழிலாளர் லயத்தில் வீடும் இல்லை. ஏப்ரல் கடைசிக்குள் காலி செய்ய வேண்டுமாம். செய்தது ஆபீஸ். அதற்கு வழி போட்டுக் கொடுத்தது நீ.

நீ என்ன எழுதினாய் என்று எனக்கு மனப்பாடமாகச் சொன்னாள். ஏப்ரல் 26 தொழிலாளர் இலாகா விசாரணையில் நீங்கள்தான் முதல் சாட்சி, லயத்து வீடுகளின் நிலையைத் தைரியமாகச் சொல்லுங்கள் என்று எழுதியிருக்கிறாய். நல்ல எழுத்து. தைரியம் என்று எழுதிய அதே கை, உறையின் மேல் என்ன எழுதியது? 'மேற்பார்வை: தோட்ட ஆபீஸ்.' யாருக்கு எதிராகச் சாட்சி சொல்கிறாளோ அவன் கையிலேயே கொண்டு போய்க் கொடுத்திருக்கிறாய்.

தோட்டத்தை வீடு கட்டுகிற கம்பெனிக்கு விற்கப் போகிறார்கள், லயத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு ஒரு வீடு கூட இல்லை என்பதற்காகத்தானே நீயும் நானும் இந்தச் சங்கத்தை ஆரம்பித்தோம்? என் பழைய கடையை இடித்த அன்று ஓடிவந்து பக்கத்தில் நின்றவன் நீ. அதனால்தான் உன்னைச் செயலாளர் ஆக்கினேன். இல்லாவிட்டால் இந்தக் கடிதம் வேறு மாதிரி இருக்கும்.

உன் மகள் யூஜினியா ரவாங்கில் அவள் வேலை செய்யும் கம்பெனிக் கம்பியூட்டரில் நம் உறுப்பினர்களின் விலாசத்தை எல்லாம் ஏற்றி வைத்திருக்கிறாளே, அதில் எத்தனை பேருக்கு இப்படி ஆபீஸ் வழி போட்டிருக்கிறது? எல்லாத் தோட்டத்துக்காரர்களுக்கும் அப்படித்தான் என்று நினைக்கிறேன். ஒன்று விடாமல் மாற்ற வேண்டும். மாற்றும் வரை ஒரு கடிதம் வெளியே போகக் கூடாது.

உன் பதிலை எதிர்பார்க்கிறேன்.

ஷேக் தாவூது

•

இயேசு மரி சூசை துணை

கெர்லிங்
27.2.1988

அன்புள்ள தாவூது அண்ணனுக்கு,

காப்ரியல் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கு நானும் டொரீனும் பிள்ளையும் நலம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? டொரீன் தைலம் ஒன்று வாங்கி வைத்திருக்கிறாள். யாராவது அந்தப் பக்கம் வந்தால் கொடுத்துவிடுகிறேன்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். தவக்காலத்தில் இவ்வளவு கோபத்தைத் தாங்க எனக்குச் சக்தி வேண்டும் அண்ணே.

தாயம்மாளுக்கு நடந்தது அநியாயம். ஆனால் கடிதத்தால்தான் நடந்தது என்று எப்படிச் சொல்கிறீர்கள்? உறையை நானே பசை போட்டு ஒட்டினேன். அங்கே ஆபீஸ் கணக்கும் தபாலும் பார்க்கிற கிராணி யார்? டக்ளஸ். டொரீனின் கூடப் பிறந்த தம்பி. என் கல்யாணத்தில் எனக்கு மோதிரம் எடுத்துக் கொடுத்தவன். ஆபீஸில் நம் ஆள் இருக்கிறான், கடிதம் தொலையாது, மழையில் நனையாது, அவனே கையில் கொடுத்துவிடுவான் என்றுதான் அந்த வழியைப் போட்டேன். வேறு தோட்டங்களில் லயத்து வாசலில் எறிந்துவிட்டுப் போகிறார்கள். நமக்கு அப்படி இல்லையே என்று சந்தோஷப்பட்டேன்.

பெரட்டில் அவளை நிறுத்தியதற்கு வேறு காரணம் சொல்லியிருக்கிறார்கள். பால் வெட்டும்போது ரப்பர் மரத்துப் பட்டையில் காயம் போட்டாளாம், ரிப்போர்ட் இருக்கிறதாம். சாட்சி சொல்லப் போவதைத் தாயம்மாளே பைப்படியில் யாரிடமாவது சொல்லியிருக்கலாம். அவள் வாய் சும்மா இருக்காது, உங்களுக்கே தெரியும்.

யூஜினியா பகலெல்லாம் ரவாங்கில் குழாய்க் கம்பெனியில் வேலை செய்துவிட்டு, முதலாளியின் அனுமதி வாங்கி மாலையில் உட்கார்ந்து அத்தனை விலாசத்தையும் ஏற்றினாள். இப்போது எல்லாவற்றையும் மாற்று என்றால் பிள்ளை அழுதுவிடும். உங்கள் மனத் திருப்திக்காக ஒன்று செய்கிறேன். இனிமேல் உறையின் மூலையில் 'சொந்தக் கடிதம்' என்று சிவப்பு மையில் எழுதி அனுப்புகிறேன்.

பாத்திமா அண்ணியை நானும் டொரீனும் கேட்டதாகச் சொல்லவும்.

உங்கள் அன்புத் தம்பி,
காப்ரியல்

•

786

கோல சிலாங்கூர்
2.3.1988

காப்ரியலுக்கு,

உன் தவக்காலம் தாயம்மாள் வீட்டில் உலை வைக்காது. அவள் நேற்றுக் கடைக்கு வந்தாள். பஸ்ஸில் வந்தவளை உட்காரவைத்து டீ கொடுத்துவிட்டு, பைப்படியில் பேசினாயா என்று நீ கேட்டதையே நானும் கேட்டேன். அவள் சொன்னதை அவள் சொன்னபடியே எழுதுகிறேன். நன்றாகப் படி.

"பைப்படியில பேச எனக்கென்ன பைத்தியமா பாய்? கடுதாசி கையில வந்தப்பவே மூலையில ஈரம். பிரிச்சு ஒட்டுன தடம். நான் படிக்கிறதுக்கு முந்தியே ஊரு படிச்சிருச்சு. மறுநா பெரட்டுல, எங்ககிட்ட வேலை வாங்குற மண்டோர் சின்னையா பேரு கூப்பிடுறாரு. என் பேரு வந்ததும் நிறுத்திட்டு, 'வாங்க வாங்க முதல் சாட்சி! தைரியமா சொல்லணுமாம்லா! தமிழ்ல சொல்வியா, இங்கிலீசுல சொல்வியா?'ன்னு கேக்குறாரு. எல்லாரும் சிரிக்கிறாங்க. 'தைரியமா'ங்கற வார்த்தை கடுதாசியில இருந்த வார்த்தை பாய். அது அவருக்கு எப்படித் தெரியும்?"

இதற்கு நீ பதில் சொல். உன் வார்த்தை சின்னையா வாயில் எப்படிப் போனது?

பட்டைக் காயமாம். அவள் தாயின் இடுப்பில் இருந்த காலத்திலிருந்தே பால் மரத்தைப் பார்த்தவள். இத்தனை வருஷம் போடாத காயத்தைக் கடிதம் வந்த மறுநாளா போட்டாள்?

'சொந்தக் கடிதம்' என்று சிவப்பு மையில் எழுதப் போகிறாயாம். நல்ல யோசனை. பிரிக்கிறவனுக்குச் சிரமம் இல்லை. மேசை நிறையக் கடிதம் கிடந்தால் முதலில் எதைப் பிரிப்பது என்று நீயே அடையாளம் போட்டுக் கொடுத்துவிடு.

டக்ளஸ் உனக்கு மைத்துனனாக இருக்கலாம். உன் விரலில் மோதிரம் போட்டிருக்கலாம். எனக்கு அவன் தோட்டத்துச் சம்பளம் வாங்குகிற கிராணி. அவன் நல்லவனா கெட்டவனா என்பது என் கேள்வியே இல்லை. நல்லவன் கையில் போனாலும் அது ஆபீஸ் கைதான். துரை கேட்டால் அவன் என்ன செய்வான்? சொந்தக்காரன் இருக்கிறான் என்பதற்காகத் திறந்த கதவைப் பூட்டிய கதவு என்று சொல்கிறாய்.

தோட்டத்தில் ஆபீஸைத் தவிர நம்பத் தகுந்த ஆளே இல்லையா? பள்ளிக்கூடத்து வாத்தியார் இல்லையா? ரொட்டிக்காரன் இல்லையா? கம்பியூட்டரில் ஒரு விலாசத்திலும் 'ஆபீஸ்' இருக்கக் கூடாது. மகள் அழுதால் கண்ணைத் துடைத்துவிட்டுச் செய்யச் சொல்.

தைலம் எனக்கு வேண்டாம்.

ஷேக் தாவூது

•

இயேசு மரி சூசை துணை

கெர்லிங்
14.3.1988

அன்புள்ள தாவூது அண்ணனுக்கு,

காப்ரியல் எழுதிக்கொண்டது. உங்கள் கடிதம் கிடைத்தது. தாயம்மாள் சொன்ன அந்த வார்த்தையைச் சின்னையா எங்கே கேட்டார் என்று தெரியவில்லை. டக்ளஸ் அப்படிச் செய்திருக்க மாட்டான் என்றே இன்னும் நினைக்கிறேன். ஆனாலும் நீங்கள் தலைவர். சொன்னதைச் செய்துவிட்டேன்.

இந்த முறை சந்தோஷமான செய்தி. யூஜினியாவிடம் கேட்டேன். அழவில்லை, சிரித்தாள். "ஒண்ணொண்ணா மாத்தத் தேவையில்ல டேடி. இந்தச் சொல் எங்கெங்க இருக்கோ அங்கெல்லாம் அந்தச் சொல்லப் போடுன்னு கட்டளை கொடுத்தா, கண்ண மூடித் தொறக்கிறதுக்குள்ள முடிஞ்சிரும்" என்றாள். நானே பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன் அண்ணே. 'தோட்ட ஆபீஸ்' இருந்த இடத்தில் எல்லாம் 'தலைமையாசிரியர், தோட்டத் தமிழ்ப்பள்ளி' என்று வந்துவிட்டது. எல்லாத் தோட்டத்துக்கும். ஒரு இடம் விடவில்லை. ஒருமுறை தேடியும் பார்த்தோம். 'ஆபீஸ்' என்ற சொல்லே இல்லை என்று கம்பியூட்டர் சொல்லிவிட்டது.

அந்தச் சந்தோஷத்தில் விலாசச் சீட்டுகளை அச்சடித்து, விசாரணை அறிவிப்பையும் யார் யார் சாட்சி என்ற விவரத்தையும் போட்டு, போன வெள்ளிக்கிழமையே எல்லாருக்கும் தபாலில் சேர்த்துவிட்டேன். இந்நேரம் வாத்தியார்கள் கையில் சேர்ந்திருக்கும். உங்களிடம் கேட்டுவிட்டு அனுப்பியிருக்கலாம். நீங்கள் சந்தோஷப்படுவீர்கள் என்று நினைத்தேன்.

இனியாவது தைலத்தை வாங்கிக்கொள்வீர்களா? டொரீன் வருத்தப்படுகிறாள்.

உங்கள் அன்புத் தம்பி,
காப்ரியல்

•

786

கோல சிலாங்கூர்
20.3.1988

காப்ரியலுக்கு,

பள்ளிக்கூடம் எங்கே இருக்கிறது?

தோட்டத்துக்குள் இருக்கிறது. பத்தாங் பெர்ஜுந்தைத் தபால் நிலையத்தில் தோட்டத்துக்கு என்று ஒரே ஒரு பை. லயத்துக் கடிதம், பிள்ளைகளைப் பார்க்கிற ஆயாக்கொட்டகைக் கடிதம், ஆஸ்பத்திரிக் கடிதம், கோயில் கமிட்டிக் கடிதம், பள்ளிக்கூடத்துக் கடிதம் எல்லாம் அந்த ஒரே பையில். ஆபீஸ் டிரைவர் எடுத்து வந்து கிராணி மேசையில் கொட்டுவான். பள்ளிக்கூடத்து வாசலில் தபால்காரன் வந்து மணி அடிப்பான் என்று நினைத்தாயா? தலைமையாசிரியருக்கு அரசாங்கத்திலிருந்து வரும் கடிதமே பிரித்துத்தான் வருகிறதாம்.

உன் மகளின் மெஷின் பெயரை மாற்றிவிட்டது. வழியை மாற்றவில்லை. 'ஆபீஸ்' என்ற சொல் இல்லை என்று சந்தோஷப்பட்டாயே, சொல்லா தாயம்மாளின் கடிதத்தைப் பிரித்தது?

நடந்ததைச் சொல்கிறேன். சாட்சிக்குப் பெயர் கொடுத்திருந்த வீரன் நேற்று வந்தான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. கடை வாசலிலேயே நின்றான்.

"என் பேர வெட்டிருங்க பாய்" என்றான்.

"என்னடா ஆச்சு?"

"எல்லாரையும் ஆபீசுக்குக் கூப்பிட்டாங்க. சாட்சி பேரு அத்தனையும் வரிசையா படிச்சாங்க. சங்கத்துக்கும் எனக்கும் சம்மந்தம் இல்லன்னு ஒரு தாளு. கைநாட்டு வச்சா லயம். வைக்காட்டி ரோடு. நான் வச்சுட்டேன். எல்லாரும் வச்சுட்டாங்க. எம் பொண்டாட்டி மாசமா இருக்கா பாய், நான் எங்க போவேன்?"

"தாயம்மா?"

"அது வைக்கல. 'ஏற்கெனவே ரோட்டுல நிக்கிறவள எந்த ரோட்டுக்கு அனுப்புவீங்க'ன்னு கேட்டுட்டு வந்துருச்சு."

போகும்போது உன் அறிவிப்பை என் கல்லாப் பலகையில் வைத்துவிட்டுப் போனான். அதையும் பார்த்தேன். கீழே கிழித்து அனுப்ப ஒரு பதில் தாள். அதில் 'பூர்த்தி செய்து ஆபீஸ் பெட்டியில் போடவும்' என்று இருக்கிறது. பழைய ஸ்டென்சில். விலாசத்தை மட்டும் மாற்றிவிட்டு, உள்ளே இருக்கும் வழியைப் பார்க்காமல் விட்டிருக்கிறாய். வருகிற வழியும் ஆபீஸ், போகிற வழியும் ஆபீஸ்.

அனுப்பாதே என்றேன். பிப்ரவரியிலேயே எழுதினேன், மாற்றும் வரை ஒன்றும் வெளியே போகக் கூடாது என்று. மாற்றிவிட்டேன் என்பதற்கும் சரி பார்த்துவிட்டேன் என்பதற்கும் வித்தியாசம் தெரியாதவனிடம் இத்தனை குடும்பத்தின் பெயரையும் கொடுத்தது என் புத்தி.

இப்போது விசாரணைக்கு ஒரே சாட்சி. அவளும் பட்டைக் காயம் போட்டு வேலை போனவள், கோபத்தில் பேசுகிறாள் என்று தோட்டத்து வக்கீல் ஒரே வார்த்தையில் முடித்துவிடுவான். அவள் தோற்றால் வீடும் போகும். மற்றவர்கள் வீடும் போகும்.

உனக்கு ஒரே ஒரு வேலை சொல்கிறேன். டக்ளஸைக் கேள். கும்பிட்டுக் கேட்காதே. நேராகக் கேள்.

ஷேக் தாவூது

•

கெர்லிங்
5.4.1988

தாவூது அண்ணனுக்கு,

கேட்டேன்.

அதற்கு முன்னால் ஒன்று. பள்ளிக்கூடத்து வாத்தியார் இல்லையா என்று மார்ச் இரண்டாம் தேதி எழுதியது நீங்கள். கடிதம் என் முன்னால் இருக்கிறது. பையைப் பற்றி அப்போது நீங்கள் ஒரு வார்த்தை எழுதவில்லை. என் பங்கை நான் ஏற்றுக்கொள்கிறேன். உங்களைக் கேட்காமல் அனுப்பியது என் தவறு. ஆனால் அத்தனையும் என் தலையில்தான் என்றால் எனக்கும் வலிக்கும் அண்ணே. எனக்கும் ஐம்பத்தாறு வயதாகிறது. கடைப் பையனைத் திட்டுவது போல என்னைத் திட்டுகிறீர்கள்.

ஈஸ்டர் ஞாயிறு டக்ளஸ் குடும்பத்தோடு சாப்பிட வந்தான். பூசை முடிந்து எல்லாரும் சந்தோஷமாக இருந்தார்கள். இலையில் உட்கார்ந்ததும் கேட்டேன். நீங்கள் சொன்னபடி நேராக.

"டக்ளஸ், தாயம்மா கடுதாசியப் பிரிச்சியா?"

"பிரிச்சேன் மச்சான்."

உப்பு எடு என்றால் எடுத்துக் கொடுப்பது போலச் சொன்னான். ஏன் என்றேன்.

"ஏன்னா என்ன கேள்வி மச்சான்? அந்த நாற்காலியில எங்கப்பா இருந்தப்பவே பிரிச்சாரு. சங்கக் கடுதாசின்னா துரை மேசைக்குப் போயிட்டுத்தான் லயத்துக்குப் போகணும். அதான் ஆர்டர். கிராணி வீட்டுல பொண்ணெடுத்த ஒங்களுக்கா தெரியாது? தெரிஞ்சுதான் போடுறீங்கன்னு நெனச்சேன். துரை காதுக்குப் போகட்டும், பயப்படட்டும்னு போடுறீங்கன்னு நெனச்சேன்லா. இல்லாட்டி யாராச்சும் இதப் போயி ஆபீசுக்கு எழுதுவாங்களா?"

தாயம்மாளின் பட்டைக் காயம் என்ன ஆயிற்று என்று கேட்டேன். கடிதம் மத்தியானம் துரை மேசைக்குப் போனதாம். சாயங்காலம் அவனைக் கூப்பிட்டு, போன வாரத் தேதி போட்டுக் காய ரிப்போர்ட் அடிக்கச் சொன்னார்களாம். மரத்தை யாரும் போய்ப் பார்க்கவில்லை. அடித்துக் கொடுத்துவிட்டான்.

அப்போது டொரீன் குழம்புக் கரண்டியைக் கீழே வைத்தாள். "எனக்குத் தெரியுமே" என்றாள். "அப்பா வீட்டுக்கே கொண்டாந்து பிரிப்பாரு. ஆவி புடிக்கக் கெத்தல்ல தண்ணி சுட வச்சுக் கொடுத்ததே நாந்தான். நீங்க ஒரு நாளாச்சும் கேட்டீங்களா?"

முப்பது வருஷம் ஒரே வீட்டில் இருக்கிறோம். நான் கேட்கவில்லை. பசை போட்டு ஒட்டினேன் என்று உங்களுக்குப் பெருமையாக எழுதினேன். அவள் அடுப்படியில் இருந்தாள்.

உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வேறு யாரிடம் சொல்வேன்? படித்துவிட்டு உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள்.

காப்ரியல்

•

786

கோல சிலாங்கூர்
9.4.1988

காப்ரியலுக்கு,

வாத்தியார் என்று எழுதினேன். பள்ளிக்கூடத்து விலாசத்துக்கு அனுப்பு என்று எழுதவில்லை. வாத்தியாருக்குத் தோட்டத்துக்கு வெளியே வீடு இருக்கிறது. அதை விடு.

இத்தனை நாளில் நீ எழுதியதில் உருப்படியான கடிதம் இதுதான். தாயம்மாளைக் காப்பாற்ற இது போதும். சட்டப் புத்தகத்தை மலாய் அகராதி வைத்துக்கொண்டு நானே படித்தேன். கூலி வாங்குகிறவன் சாட்சி சொல்லப் போகிறான் என்பதற்காக அவனை வேலையை விட்டு நிறுத்த முடியாது. நிறுத்தியது அதற்காகத்தான் என்று நிரூபிக்க ஆள் வேண்டும். ரிப்போர்ட்டை அடித்த ஆளே நம்மிடம் இருக்கிறான்.

26ஆம் தேதி டக்ளஸ் தொழிலாளர் இலாகாவுக்கு வர வேண்டும். உன் இலையில் உட்கார்ந்து சொன்னதை அங்கே உட்கார்ந்து சொல்ல வேண்டும். கடிதம் எப்போது துரை மேசைக்குப் போனது, ரிப்போர்ட் எப்போது அடித்தான், தேதியை மாற்றச் சொன்னது யார். மூன்றே விஷயம். தமிழில் சொன்னால் போதும்.

நீ போய்ச் சொல். வருகிறானா இல்லையா என்று எழுது.

ஷேக் தாவூது

•

இயேசு மரி சூசை துணை

கெர்லிங்
13.4.1988

அன்புள்ள அண்ணனுக்கு,

டக்ளஸ் வர மாட்டான். நான் போய்க் கேட்டேன். முதலில் சிரித்தான். நான் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் எழுந்து கதவைச் சாத்தினான். அவன் மூன்று பெண்களும் உள்ளே படித்துக்கொண்டிருந்தார்கள். "மச்சான், இந்த வீடு யாரு வீடு? ஆபீஸ் வீடு. நான் வாயத் தொறந்தா அன்னிக்கே எம் புள்ளைங்க சாமானோட ரோட்டுல. தாயம்மாவ லயத்துல வைக்கிறதுக்கு என்னய வெளிய போடுறீங்களா?" என்றான்.

டொரீன் என்னோடு பேசுவதில்லை. தம்பியைக் காட்டிக் கொடுக்கவா அன்றைக்குச் சோறு போட்டேன் என்று ஒருமுறை கேட்டாள். அதோடு சரி.

அண்ணே, நான் ஒன்று கேட்கிறேன். தாயம்மாள் கெர்லிங்குக்கு வரட்டும். எங்கள் வீட்டுப் பின்கட்டு காலியாகத்தான் இருக்கிறது. நான் இருக்கும் வரை அவளை யாரும் கிளப்ப முடியாது. இதை மனதாரச் சொல்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். யூஜினியா உங்கள் கடிதங்களை எல்லாம் படித்தாள். நான்தான் கொடுத்தேன். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறி, தோட்டத்துக்கு வெளியே கோயில் சந்தையில் நின்று, ஒவ்வொருவரையும் பார்த்து, "ஒங்களுக்கு யார் கையில வந்தா பயமில்ல?" என்று கேட்டு எழுதி வருகிறாள். ஒருவருக்கு ரொட்டிக்காரர் கை. ஒருவருக்கு உலு யாமில் இருக்கும் கொழுந்தியாள் வீடு. ஒரு கிழவி எனக்குக் கடிதமே வேண்டாம், ஆள் அனுப்பு என்றாளாம். மெஷினில் ஒவ்வொன்றாக ஏற்றுகிறாள். மொத்தமாக மாற்றும் கட்டளையைத் தொடுவதில்லை. அந்தப் பழைய ஸ்டென்சிலையும் கிழித்துப் போட்டுவிட்டாள். தாயம்மாளுக்கு அவள் தங்கை கலாவதியின் விலாசம். பாதிக்கு மேல் முடிந்துவிட்டது. நீங்கள் கேட்டது நடக்கிறது அண்ணே. நடக்கவில்லை என்று சொல்லாதீர்கள்.

ஈஸ்டரில் நடந்ததை எழுதினேனே, அந்தக் கடிதத்தைத் தயவு செய்து கிழித்துப் போடுங்கள். அதைச் சங்கத் தலைவருக்கு எழுதவில்லை. என் அண்ணனுக்கு எழுதினேன்.

நோன்பு ஆரம்பிக்கப் போகிறது. பாத்திமா அண்ணிக்கு எங்கள் அன்பைச் சொல்லவும்.

உங்கள் தம்பி,
காப்ரியல்

•

786

கோல சிலாங்கூர்
17.4.1988

காப்ரியலுக்கு,

நாளைக்கு நோன்பு. அதற்குள் இதை எழுதி முடிக்க வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

தாயம்மாளிடம் உன் பின்கட்டைப் பற்றிச் சொன்னேன். "எனக்கு எடம் கொடுக்கச் சொன்னேனா? எடத்தப் புடுங்காதன்னுதானே சொல்றேன்" என்றாள். அவள் கேட்பது உன் தயவை அல்ல. செய்யாத காயத்தைச் செய்தாள் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். அது பொய் என்று ஒரு வாய் சொல்ல வேண்டும். அந்தப் பொய்யை அடித்த வாய்.

டக்ளஸுக்கு மூன்று பெண்கள் என்று எழுதுகிறாய். வீரன் மனைவி மாசமாக இருக்கிறாள். லயத்தில் யாருக்குப் பிள்ளை இல்லை? ஆபீஸ் வீட்டுப் பிள்ளை ரோட்டுக்கு வந்தால் உனக்குத் தூக்கம் வரவில்லை. நியாயம்தான், உன் வீட்டு இரத்தம். நான் என்ன செய்வது? இவர்கள் எல்லாம் என்னை நம்பிப் பெயர் கொடுத்தவர்கள்.

உன் ஏப்ரல் ஐந்தாம் தேதிக் கடிதத்தை நான் கிழிக்கவில்லை. மாட்டேன். அதில் கடிதம் துரை மேசைக்குப் போன நேரம் இருக்கிறது, ரிப்போர்ட் அடித்த நேரம் இருக்கிறது, தேதி மாற்றியது இருக்கிறது. உன் கையெழுத்து இருக்கிறது. அதை விசாரணை ஆபீசரிடம் கொடுப்பேன்.

நீ என்ன நினைப்பாய் என்று எனக்குத் தெரியும். அடுத்தவர் கடிதத்தைப் பிரித்தான் என்று இரண்டு மாதமாகக் கத்தியவன், தம்பி நம்பி எழுதிய கடிதத்தை ஊர் முன்னால் பிரிக்கிறானே என்று நினைப்பாய். நினை. டக்ளஸ் அதிகாரத்துக்குப் பயந்து பிரித்தான். உனக்குச் சொல்லாமல் பிரித்தான். நான் பயப்படாமல், உன்னிடம் சொல்லிவிட்டுச் செய்கிறேன். இரண்டும் ஒன்று என்று நீ சொன்னால் அதற்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. தாயம்மாள் லயத்தில் இருந்தால் போதும்.

இனிச் செய்ய வேண்டியவை:

யூஜினியா, மீதி விலாசங்களையும் இப்போது செய்கிற மாதிரியே ஆளைப் பார்த்துக் கேட்டு மாற்ற வேண்டும். அவசரப்பட வேண்டாம். முடித்ததும் யாராவது இரண்டு பேருக்கு வெறும் காகிதம் அனுப்பி, ஒட்டிய மாதிரியே சேர்ந்ததா என்று பார்த்த பிறகுதான் சங்கக் கடிதம் போக வேண்டும். அவள் நன்றாகச் செய்கிறாள் என்று நான் சொன்னதாகச் சொல்.

வீரனும் மற்றவர்களும் கைநாட்டு வைத்த தாளுக்குப் பயப்பட வேண்டியதில்லை. மிரட்டி வாங்கியது என்று நான் எழுதிக் கொடுப்பேன். வருகிறவர்கள் 26ஆம் தேதி காலை என் கடைக்கு வந்தால் போதும். அழைத்துப் போவது என் வேலை.

தலைமையாசிரியர், பள்ளிக்கூடத்துக்குத் தபால் நிலையத்தில் தனிப் பூட்டுப் பெட்டி கேட்டு மேலே எழுத வேண்டும். நான் போய்ப் பேசுகிறேன்.

டக்ளஸ், 26ஆம் தேதி தானாக வந்து சொல்ல வேண்டும். வந்தால், ஆபீஸ் வீட்டை விட்டு அவனைக் கிளப்பும் நாளில் முதல் மனு அவனுக்காக என் கையால் போகும். உன் கடிதமும் என் பைக்குள்ளேயே இருக்கும். வராவிட்டால், விசாரணை ஆபீசர் தாயம்மாள் பெயரைக் கூப்பிடும்போது அதை மேசையில் வைப்பேன்.

டொரீன் ஒன்றும் செய்ய வேண்டாம். அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை.

நீ, இந்த மாதக் கடைசியில் செயலாளர் பொறுப்பை யூஜினியாவிடம் கொடுத்துவிட வேண்டும். அதற்கு முன்னால் இன்னொரு வேலை. உறுப்பினர் ஒவ்வொருவருக்கும், ஆள் கிடைக்காவிட்டால் யாருக்குச் சொல்லி அனுப்புவது என்று இரண்டாவது விலாசம் ஒன்று மெஷினில் இருக்கிறது. என் பெயருக்கு நேரே நான் கொடுத்திருப்பது உன் வீடு. அதை எடுத்துவிட வேண்டும். பிள்ளையிடம் சொல்லிச் செய்யாதே. நீ எடு.

ஷேக் தாவூது